அடி கனத்த கிண்ணம்

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைதான் என் கையில் ஒரு கிண்ணம் சரியாமல் நின்றது. நின்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து பார்த்தாள், "சூப்பர் ஆன்ட்டி" என்றாள், மெல்லிய கம்பி ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அதை மேலிருந்து கீழாகச் சரிபாதியாக அறுத்துவிட்டாள்.

"ஏம்மா, இதுக்கா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன்?"

"உள்ளே பாருங்க ஆன்ட்டி."

பார்த்தேன். வாய் விளிம்பு அப்பளம் மாதிரி. கீழே வர வரத் தடித்து, அடியோரத்தில் ஒரு விரல் கனம். வெளியே கிண்ணம், உள்ளே உரல். போட்ட மண்ணில் பாதிக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை.

வங்கியில் முப்பது வருடம் நோட்டு எண்ணிய கை இது. கட்டில் ஒரு தாள் குறைந்தாலும் சொல்லிவிடும். ஓய்வு பெற்றதும் சென்னையில் வீட்டுக்குப் பக்கத்து மண்பாண்டப் பட்டறையில் சேர்ந்தபோது, அந்தக் கைச்சாமர்த்தியம் போதும் என்று நினைத்துவிட்டேன். சக்கரத்தில் விரலைவிட முழங்கைக்குத்தான் வேலை.

பிசைந்த மண்ணை உருட்டிச் சக்கரத்தின் நடுவில் அறைந்து ஒட்டுகிறோம். கண்ணுக்கு நடுவில்தான் இருக்கும். மோட்டாரை மிதித்ததும் தள்ளாட ஆரம்பிக்கும். அதை அடக்குவதற்கு வகுப்பில் 'சென்டரிங்' என்று பெயர். சுற்றும் மண் கையைத் தள்ளும். கை இடம் கொடுத்தால் அதுவும் சேர்ந்து ஆடும். அரை மணி நேரம் பிடித்தாலும் அடங்காது. முழங்கையைத் தொடையில் முட்டுக்கொடுத்துக் கையை அசையாமல் வைத்தால், மண் வேறு வழியில்லாமல் வட்டத்துக்கு வந்துவிடும். எனக்கு நாலு ஞாயிறு இதிலேயே போனது. கூடச் சேர்ந்த ஐ.டி. பையன் இரண்டாவது வாரமே பிடித்துவிட்டான். பொறாமையாகத்தான் இருந்தது.

அப்புறம் கட்டைவிரலால் குழி. அதன் பிறகு சுவரை எழுப்ப வேண்டும்: ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, நடுவில் அகப்பட்ட மண்ணைக் கிள்ளினாற்போல் பிடித்து மெதுவாக மேலே வர வேண்டும். நான் தப்பு செய்தது இங்கேதான். விரல் அடியோரத்தில், சக்கரத்தைத் தொடுகிற இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். பயத்தில் நான் ஒரு அங்குலம் மேலேயே ஆரம்பித்திருந்தேன். பயம் வந்தால் தண்ணீரும் கூடுதலாகத் தெளிப்போம். மண் அதைக் குடித்துவிட்டுத் துவண்டு உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். சின்ன வயதில் வேளார் தாத்தா வனைவதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். வண்டிச் சக்கரம் போலப் பெரிய சக்கரம். கம்பை ஊன்றிச் சுற்றிவிட்டுக் குந்தி உட்காருவார். அவர் சக்கரத்திலிருந்து எடுக்கும் பானைக்கு அடி இருக்காது. ஓட்டைப் பானை என்று சிரிப்போம். நிழலில் கொஞ்சம் உலர்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அணைவாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடுவார். சுவர் மெலியும், வயிறு பெருக்கும். சக்கரம் கொடுப்பது வாயும் கழுத்தும், பானையாக்குவது தட்டல். என் தடித்த அடிக்கு மருந்து அவரிடம் இருந்திருக்கிறது!

பட்டறையில் வேறு மருந்து. கிண்ணம் தேங்காய்ச் சில்லு பதத்துக்கு வந்ததும் சக்கரத்தில் கவிழ்த்து, அதிகப்படி மண்ணைச் சுருள் சுருளாகச் சீவி எடுக்கிறோம். இந்த வகைப் பட்டறைத் தொழிலுக்கு நம் பக்கத்தில் பெரிய நாற்றங்கால் புதுச்சேரி. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பலர் பிறகு தனிப் பட்டறை வைத்தார்கள்.

சூளையில் பானை வெடித்தால் காற்றுக்குமிழியின் மேல் பழி போடுவார்கள். வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். மண்ணுக்குள் அதற்கு ஏது இடம்? காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். என் ஊறுகாய்க் கிண்ணம் சில்லென்றுதான் இருந்தது. அவசரப்பட்டுக் கொடுத்தேன்; சில்லு சில்லாகத் திரும்பி வந்தது.

முதல் சூடு ஏறத்தாழ 1,000 டிகிரி. பிறகு கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்கி, 1,200க்கு மேல் இரண்டாவது சூடு. இதற்குள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். உயரம், அகலம் இரண்டிலும் சுருங்குவதால், கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் போய்விடும். வீட்டுக்காரருக்கு என்று வனைந்த காபி டம்ளரில் இப்போது கஷாயம்தான் கொடுக்க முடிகிறது.

நீங்களும் சேர்வதாக இருந்தால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, வளையல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்து சேற்றுக் கையை வாஷ்பேசினில் மட்டும் கழுவாதீர்கள். பிளம்பருக்கு நான் இரண்டு தடவை காசு கொடுத்தாயிற்று.