‘நாள்பட்ட’ என்னும் சொல்: வெண்குருதிப் புற்றுநோயருக்கான தமிழ்வழித் தகவலும் துணையும்

முன்னுரை

இரத்தப் புற்றுநோய் என்று கேட்ட அளவிலேயே “இன்னும் எத்தனை நாள்?” என்னும் வினா குடும்பத்தாரிடம் எழுகிறது. 1980களின் தமிழ்த் திரைக்கதைகள் சில, தலைமை மாந்தரை இறுதிக் காட்சியில் இழப்பதற்கு இந்நோயைத் துணைகொண்டதும் இதற்கு ஒரு காரணம் எனலாம். அக்காலத்திற்குப் பின் மருத்துவம் வெகுதொலைவு வந்துவிட்டது. நோயாளியின் காதில் விழும் தமிழ் அவ்வளவு தொலைவு வரவில்லை. வெண்குருதிப் புற்றுநோயோடு வாழ்வோர் தம் நோயைத் தமிழில் அறிந்துகொள்வதில் கலைச்சொற்கள் எவ்வாறு குறுக்கிடுகின்றன, அவர்கள் நாடத்தக்க துணைகள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய்ப்பெயர்

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1845இல் தாம் கண்ட நோய்நிலையை ‘வெள்ளை இரத்தம்’ என விவரித்தார். 1847இல் அதே பொருள்தரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு லுகேமியா எனப் பெயரிட்டார். தமிழின் ‘வெண்குருதி’ இதன் நேர்பெயர்ப்பாகும். மக்கள் வழக்கில் நிலைபெற்றிருப்பதோ ‘இரத்தப் புற்றுநோய்’ என்பதே. அச்சொல் லுகேமியாவை மட்டுமன்றி லிம்போமா, மைலோமா ஆகியவற்றையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஆகவே அப்பெயரை மட்டும் கொண்டு தகவல் தேடுபவருக்குத் தம்முடையதல்லாத நோயின் செய்திகளும் கலந்தே கிடைக்கின்றன.

லுகேமியாவிற்குள்ளும் நான்கு பெரும்பிரிவுகள் உள்ளன. நிணநீரணு வழியில் தோன்றுவது, மஜ்ஜையணு வழியில் தோன்றுவது என இரண்டு. ஒவ்வொன்றிலும் விரைந்து பெருகுவது, மெல்லப் பெருகுவது என இரண்டு. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது விரைந்து பெருகும் நிணநீரணு வகை. மருத்துவம், செலவு, காலம் அனைத்தும் இப்பிரிவைப் பொறுத்தே வேறுபடுகின்றன. எனவே நோயாளி முதற்கண் பெறவேண்டிய தகவல், தம் நோய்வகையின் முழுப்பெயர் எழுதப்பட்ட ஒரு தாளே ஆகும்.

‘தீவிர’மும் ‘நாள்பட்ட’தும்

ஆங்கில மருத்துவம் இவ்விரு வேகங்களையும் குறிக்க ஆளும் சொற்கள் காலத்தைச் சுட்டுவன. தமிழ்க் கையேடுகளில் அவை ‘தீவிர’, ‘நாள்பட்ட’ எனப் பெயர்க்கப்படுகின்றன. ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்னும் தொடரில் பழகிய காதுக்குத் ‘தீவிர’ என்பது உயிருக்குப் போராடும் நிலையையே உணர்த்தும். ஆனால் விரைந்து பெருகுவது என்பதனாலேயே ஒரு வகை குணப்படுத்த இயலாததாகிவிடுவதில்லை. விரைந்து பெருகும் மஜ்ஜையணு வகையின் உட்பிரிவாகிய புரோமைலோசைட்டிக் லுகேமியா, தொடக்க நாள்களில் குருதிக்கசிவால் உயிரைப் பறிக்கவல்லது. அந்நாள்களைக் கடந்துவிட்டாலோ பெரும்பான்மையோருக்குக் குணமாகக்கூடியது. ஆர்செனிக் ட்ரைஆக்சைடு என்னும் ஒரே மருந்தைக் கொண்டு நெடுநாள் நிலைக்கும் தணிவை எட்டலாம் என வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

‘நாள்பட்ட’ என்னும் சொல்லின் சிக்கல் இதனினும் நுட்பமானது. நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல், நாள்பட்ட பண்டம் என்னும் வழக்குகளில் இச்சொல் கவனியாது விடப்பட்டு முற்றிப்போனதையே குறிக்கிறது. ‘நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்’ என்று கேட்கும் நோயாளி, தாம் காலம் தாழ்த்தி வந்துவிட்டதாகப் பொருள்கொள்வதற்கு இடமுண்டு. உண்மையில் அவ்வகையே முறையான மருந்தோடு பல்லாண்டு வாழ இடந்தருவது. நம்பிக்கை தரவேண்டிய பெயர் குற்றவுணர்வைத் தந்துவிடுகிறது. ‘மெல்லப் பெருகும் வகை’ என்று நீட்டிச் சொல்வது கலைச்சொல்லாக்க நெறிக்குச் சுருக்கமற்றதாகத் தோன்றலாம்; நோயாளியிடம் பேசும்போது சுருக்கத்தினும் தெளிவே வேண்டப்படுவது.

மற்றொரு சொல் ‘தணிவு’. சோதனையில் நோயணுக்கள் காணப்படாத நிலையைக் குறிக்கும் இதனை ‘குணமாகிவிட்டது’ என்று எளிமைப்படுத்துவதும் உண்டு. குழந்தைகளின் நிணநீரணு வகைக்கு முதல் மாதத்திலேயே தணிவு ஏற்பட்டுவிடலாம். மருத்துவமோ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை தொடர்ந்தாக வேண்டும். குணமாகிவிட்டது என்று கேட்ட பெற்றோர் ஊர் திரும்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் மீளும். இங்குச் சொல்தேர்வு உயிரோடு தொடர்புடையதாகிறது.

மாத்திரையும் வழக்கும்

மெல்லப் பெருகும் மஜ்ஜையணு வகையின் வரலாறு சென்னையோடு நேரடித் தொடர்புடையது. 1960இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்ட ஒரு குறுகிய குரோமோசோமும், அது 9ஆம் 22ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம்மாறியதால் விளைந்தது என 1973இல் ஜேனட் ரௌலி காட்டியதும் இந்நோயின் வேரைப் புலப்படுத்தின. அவ்வேரைத் தாக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா இசைவளித்தது. நாள்தோறும் உணவோடு ஒரு மாத்திரை என்னும் எளிய முறையால் நோய் கட்டுக்குள் வந்தது. ஆயின் கிளிவெக் என்னும் பெயரில் விற்கப்பட்ட அம்மருந்திற்கு இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது.

நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின்முன் வந்தபோது அதனை எதிர்த்தோருள் மும்பையில் 1969இல் தொடங்கப்பட்ட புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் ஒன்று. 2006 ஜனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு செல்லாது என்ற நிறுவனத்தின் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது. நோயாளர் அமைப்பு என்பது ஆறுதல் கூறும் இடம் மட்டுமன்று என்பதற்கு இவ்வழக்கு சான்றாகிறது. அந்நிறுவனமும் மேக்ஸ் அறக்கட்டளையும் இணைந்து 2002 முதல் தகுதியுடைய நோயாளர்க்கு இம்மருந்தை விலையின்றி வழங்கி வந்ததையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும். அவ்வறக்கட்டளையின் வழியே இந்தியாவில் உருவான ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ குழு, நோயாளரும் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் கண்டு பேசும் வாய்ப்பைப் பல நகரங்களில் ஏற்படுத்தியது.

விலை குறைந்தபின் எஞ்சுவது பழக்கத்தின் சிக்கல். இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வு, மாத்திரைகளில் 90 விழுக்காட்டிற்கு மேல் உட்கொள்ளாதவர்களிடம் மரபணு அளவிலான பலன் பெரிதும் குறைந்ததைக் காட்டியது. மாதத்திற்கு மூன்று மாத்திரை தவறினாலே இவ்வெல்லை வந்துவிடும். உடல் நலமாகத் தோன்றும் நாளில்தான் மாத்திரை மறக்கப்படுகிறது.

இதனை அளக்கும் சோதனையைப் பற்றிய ஓர் எழுத்துச் சிக்கலும் உண்டு. நோய்க்குக் காரணமான மரபணுப் பெயரின் முற்பகுதியும், அதனை அளக்கும் சோதனையின் பெயரும் தமிழில் ‘பி.சி.ஆர்.’ என ஒரே வடிவில் அமைந்துவிடுகின்றன. தாளில் எழுதித்தரும் பணியாளர் அறிவார். படிக்கும் நோயாளி அறியார். மூன்றாம் மாதத்தில் 10 விழுக்காடு, ஆறாம் மாதத்தில் 1 விழுக்காடு, ஓராண்டில் 0.1 விழுக்காடு என்னும் அளவிற்கோ அதற்குக் கீழோ எண்ணிக்கை இறங்கவேண்டும் என்று நோயாளி அறிந்திருந்தால், தம் அறிக்கையைத் தாமே படித்து உரிய வினாவை எழுப்ப இயலும்.

துணைகள்

தமிழகத்தில் 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் முதலில் நாடத்தக்கவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் மருத்துவத்தையும் உள்ளடக்கியது. ஆயினும் காப்பீடு மருத்துவமனைச் செலவையே பெரிதும் நோக்குகிறது. உடன்வருவோர் இழக்கும் நாட்கூலி, பேருந்துக் கட்டணம், தங்குமிடம் ஆகியவை குடும்பத்தின் மீதே விழுகின்றன. மருத்துவத்தை இடையில் விடுவதற்கு இவையும் காரணமாவதால், மருத்துவமனையின் சமூகப்பணியாளரைத் தொடக்கத்திலேயே சந்திப்பது நன்று.

மஜ்ஜை மாற்று தேவைப்படுவோர்க்கு மற்றொரு தேடல் காத்திருக்கிறது. உடன்பிறந்தார் ஒருவரின் திசுவகை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பிறரிடம் தேடுங்கால் மரபுவழி நெருங்கிய மக்களிடையே பொருத்தம் கிடைப்பது எளிது. 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி கொடையாளர் பதிவகத்தின் தேவை இதனால் விளங்கும். இங்கும் சொல் இடைமறிக்கிறது. ‘எலும்பு மஜ்ஜை தானம்’ என்றவுடன் முதுகெலும்பில் அறுவை செய்வார்கள் என்னும் அச்சம் எழுகிறது. இன்று பெரும்பாலான கொடைகள் ஐந்து நாள் ஊசி மருந்திற்குப்பின், கை நரம்பின் வழியே குருதியைச் செலுத்தி, வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து, எஞ்சியதைக் கொடையாளரின் உடலுக்கே திருப்பியனுப்பும் முறையில் நிகழ்கின்றன. மஜ்ஜையிலிருந்து நேரே எடுக்க நேர்ந்தாலும் அது மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுக்கப்படுவதே அன்றித் தண்டுவடத்திலிருந்து அன்று. இவ்விரு செய்திகளையும் கொடையாளர் படிவத்தின் முதற்பக்கத்திலேயே, பெயர் எழுதும் இடத்திற்கு மேலாகத் தமிழில் அச்சிடலாம்.