மலையேற்ற அனுமதியும் நோயாளியின் உடல்தகுதியும்

சிறுமலை, பழனி, கொடைக்கானல் ஆகிய மூன்றும் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளன. மாசி பிறந்ததும் கோவை வெள்ளியங்கிரிக்குக் குழுவாகப் புறப்படுவோரும் நாகல் நகர்ப் பகுதியில் பலர். ஆகவே, "நான் மலை ஏறலாமா?" என்னும் கேள்வி, இதய நோய், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடமிருந்து அடிக்கடி எழுகிறது. வனத்துறையின் அனுமதி கிடைத்துவிட்டது என்பது இக்கேள்விக்கு விடையாகாது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்திற்கெனத் தமிழ்நாடு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபர் முதல் 40 மலைப்பாதைகளுக்கு இணையவழியில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் செல்லலாம். காட்டுத்தீ அபாயம் மிகுந்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இப்பாதைகள் மூடப்படுகின்றன. இவ்விதிகள் நோயாளிக்கு மேலும் ஒரு வகையில் உதவுகின்றன. எத்தனை பேர், எப்பாதையில் சென்றனர் என்பது பதிவில் இருந்தால்தான் மீட்புக் குழு உரிய இடத்தை அடையும். அனுமதியற்ற பாதையில் நெஞ்சுவலி ஏற்பட்டால், 108 ஊர்தி நிற்கும் சாலைவரை நோயாளியைத் தூக்கிவரவே பல மணி நேரம் ஆகலாம்.

மூச்சிரைப்பைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை இங்கே திருத்த வேண்டியுள்ளது. "மலையில் காற்று குறைவு, அதனால்தான் இரைக்கிறது" என்பர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். கொடைக்கானலே ஏறத்தாழ 2,100 மீட்டர்தான். எனவே, நம் மலைகளில் ஓய்வெடுத்த பின்னும் தணியாத மூச்சிரைப்பு, நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றை இதயக் கோளாறாகவே கருதி, ஏறுவதை அக்கணமே நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும்.

இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற இயலாதவரும், அண்மையில் மாரடைப்போ ஸ்டென்ட் சிகிச்சையோ கண்டவரும் மருத்துவரின் ஒப்புதலின்றி மலையேறக் கூடாது. வெள்ளியங்கிரிக்கு இதய, நுரையீரல் நோயாளிகள் வர வேண்டாம் என வனத்துறையே அறிவுறுத்துகிறது. பழனியில் விஞ்சும் ரோப் காரும் உள்ளன; அவற்றில் செல்வதால் வேண்டுதல் குறைந்துவிடாது.

செல்லத் தகுதியுள்ளோரும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்த வேண்டாம். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்போர்க்கு நெடுநேர நடையால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். குளுக்கோஸ் பொடியைத் தம் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். நீர்ப்போக்கு மாத்திரை எடுப்போர், அன்றைய அளவைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். நோயின் பெயரையும் மருந்துகளையும் எழுதிய சீட்டு ஒன்று உடன் செல்பவரிடம் இருக்கட்டும்.

இறங்கி வந்த அன்றிரவே சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் இருப்பது அவருக்கே தெரியாது. உடனிருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.