நீறு பூத்த நெருப்பு

சென்ற மார்கழியில் எங்கள் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வரவில்லை. காரணமின்றி நின்றுவிடுகிற பிள்ளை அல்ல அவன். ஆகவே ஒரு நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தான், வலது காலில் கணுக்கால் வரை துணிக்கட்டு. கொல்லையில் இருந்த சாம்பல் மேட்டில் பந்து போய் விழுந்ததாம். எடுப்பதற்காக வெறுங்காலை அதில் வைத்திருக்கிறான்.

"முதல் நாள் சாயங்காலம் வாரிக் கொட்டின சாம்பல், வாத்தியாரையா! துளிப் புகைகூட வரவில்லை. அதற்குள் நெருப்பு இருக்குமென்று யார் கண்டார்கள்?" என்று அவன் தாயார் கண் கலங்கினாள்.

யார் கண்டார்கள்? நம்முடைய பாட்டிமார் கண்டிருந்தார்கள். தீப்பெட்டி மலிவாகக் கிடைக்காத காலத்தில், இரவுச் சமையல் முடிந்ததும் எரிந்த கட்டைகளின் கனலை ஒன்றுசேர்த்து, அதன்மேல் சாம்பலை மூடி வைப்பார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கி, தேங்காய் நாரை வைத்து ஊதினால் அடுப்பு மூண்டுவிடும். சாம்பல் நெருப்பை அணைப்பதில்லை, காப்பாற்றுகிறது என்பதை அவர்கள் எந்தப் பாட புத்தகத்திலும் படிக்கவில்லை. "நீறு பூத்த நெருப்பு" என்ற சொல்லும் இந்த அநுபவத்திலிருந்து பிறந்ததுதான்.

இதற்கு விஞ்ஞான காரணம் எளிது. சாம்பல் பஞ்சு மெத்தையைப் போன்றது. அதன் துகள்களுக்கிடையே காற்று அடைபட்டுக் கிடப்பதால் உள்ளேயுள்ள வெப்பம் வெளியே செல்வதில்லை. வெளிக் காற்றும் மிகக் கொஞ்சமாகவே உள்ளே புகுவதால் கனல் விரைவில் எரிந்து தீராமல் மெல்ல மெல்லப் புகைந்துகொண்டிருக்கிறது. மேலே தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இப்படிப்பட்ட கனல் நான்கு நாட்கள் வரையில் கூட உயிரோடிருக்கலாம் என்று அமெரிக்கத் தீயணைப்புத் துறையினர் எச்சரிக்கிறார்கள். குப்பைமேட்டில் கொட்டிய சாம்பலைக் காற்று கிளறிவிட்டால், பக்கத்தில் இருக்கும் வைக்கோற்போருக்கும் கூரைக்கும் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது உண்மையே. ஆயினும் கிராமங்களில் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விசேஷ நாட்களில் பெரிய சமையல் செய்யவும் விறகு அடுப்பே மூட்டப்படுகிறது. ஆகவே சாம்பல் வாரும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது வீண் ஆகாது.

அடுப்பில் சாம்பல் நிறைந்துவிட்டால் காற்றோட்டம் தடைப்பட்டு விறகு புகையும். எனவே அதை அடிக்கடி வாரத்தான் வேண்டும். ஆனால் அடுப்பு அணைந்தவுடனே வாரலாகாது; இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் மூட்டுவதற்கு முன் வாருவது நலம். வாயால் ஊதவும் வேண்டாம், துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கவும் வேண்டாம். தூசி கண்ணிலும் மூச்சிலும் போகும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, இரும்புக் கரண்டியால் மெதுவாக அள்ளுங்கள். அடுப்பிலேயே குடத்து நீரைக் கொட்டுவது பெரிய தவறு. நீர் பட்டதும் கொதிநீராவி சாம்பலோடு முகத்தில் எழும்பும். மண் அடுப்பாயின் வெடித்தும் போகும்.

அள்ளிய சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியிலோ, ஓலைக் கூடையிலோ, அட்டைப் பெட்டியிலோ, சாக்கிலோ போடாதீர்கள். மூடியுள்ள இரும்புப் பாத்திரமே தக்கது. அலுமினியம் உதவாது, ஈரச் சாம்பலின் காரம் அந்த உலோகத்தை அரித்துவிடும். பாத்திரத்தை மூடி, வீட்டிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் பத்தடிக்குக் குறையாத தூரத்தில், வெறுந்தரையில் வையுங்கள். வீட்டிற்குள் வைக்கக்கூடாது. கனல் வெளிவிடும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் உறங்குகிறவர்களின் உயிரையே அது வாங்கிவிடும். நான்கு நாட்கள் சென்ற பின், எட்ட நின்று சிறிது சிறிதாக நீர் தெளித்து, குச்சியால் கிளறிப் பார்த்து, பிறகே கொட்ட வேண்டும்.

ஆறிய சாம்பல் உபயோகமுள்ள பொருள். அதில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாஷும் இருக்கின்றன. பொட்டாஷ் என்ற பெயரே மேல்நாட்டார் சாம்பல் நீரைப் பானையில் காய்ச்சி எடுத்ததால் வந்ததுதான். 1807-ஆம் ஆண்டில் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன சாஸ்திரி பொட்டாஷ் காரத்தில் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியம் என்னும் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். பொட்டாஷ் மிகுதியாக வேண்டும் வாழைக்குச் சாம்பல் நல்ல உரம். ஆனால் உவர் நிலத்தில் போடாதீர்கள். அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களோடும் கலக்காதீர்கள், உரத்தின் சத்து வாயுவாகிப் பறந்துவிடும். வர்ணம் பூசிய பழைய கதவு, ஜன்னல் சட்டங்களை எரித்த சாம்பலில் ஈயம் இருக்கக்கூடும். அது கீரைப் பாத்திக்கும் ஆகாது, பாத்திரம் துலக்கவும் ஆகாது. சாம்பல் நீர் கண்ணில் தெறித்தால் கசக்காமல், சுத்தமான நீரால் கால் மணி நேரமாவது கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் இன்னொரு தவறும் நடந்திருந்தது. கால் சுட்டவுடன் வீட்டார் பதறிப்போய்த் தோசை மாவை அப்பினார்களாம். தீப்புண்ணுக்கு மாவும் வேண்டாம், பேனா மையும் வேண்டாம். குளிர்ந்த நீரை இருபது நிமிஷம் அதன்மேல் ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, வைத்தியரிடம் அழைத்துப் போவதே சரியான சிகிச்சை.

பையன் இப்போது பள்ளிக்கு வருகிறான். நடையில் சற்று நொண்டல் இருக்கிறது. அவன் வீட்டுக் கொல்லையில் சாம்பல் மேடு இல்லை. மூடியோடு கூடிய பழைய இரும்பு டின் ஒன்று கிணற்றடியில் நிற்கிறது. அடுப்பை அணைத்ததும் சமையல் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். சாம்பல் ஆறும் வரையில் அது முடியவில்லை என்பதை நம் வீடுகளிலும் நினைவில் வைப்போமாக.