வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் பிழைக்கும் விதம்

வெள்ளம் வயலை மூடி ஒரு வாரத்திற்கு மேல் நின்றால் சாதாரண நெற்பயிர் பெரும்பாலும் அழிந்துவிடும். இதற்குக் காரணம் தண்ணீர் மட்டுமன்று. பயிரின் அவசரமும் ஆகும். மூழ்கிய பயிர் காற்றை நாடித் தண்டையும் இலைகளையும் விரைந்து நீட்டுகின்றது. இம்முயற்சியில் அதன் மாவுச்சத்தும் சர்க்கரையும் தீர்ந்துபோகின்றன. நீர் வடிந்தபின் மெலிந்து நீண்ட பயிர் சாய்ந்து மடிகின்றது.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றினின்று தெரிந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13ஏ என்னும் ரகம் இதற்கு விலக்கு. அது இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் மீண்டும் துளிர்க்கும். மகசூல் என்னவோ சொற்பமே. இந்தச் சக்திக்குக் காரணம் சப் 1ஏ என்னும் மரபணு என்பது 2006-ல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று.

மரபணு தானே யாதொரு காரியமும் செய்வதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அது எழுத்து மாத்திரமே. அவ்வெழுத்தின்படி உண்டாகும் புரதமே வேலை செய்வது. சர்க்கார் கச்சேரியில் மூலப் பதிவேட்டை வெளியே கொடுப்பதில்லை; வேண்டிய பக்கத்திற்கு நகல் தருவதே வழக்கம். உயிரணுவிலும் ஏறக்குறைய அப்படியே. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் மூலம் அங்கேயே இருக்க, வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்பட்டு வெளியே வருகின்றது. ரைபோசோம் எனப்படும் நுண்ணுறுப்புக்கள் அந்நகலை மும்மூன்று எழுத்துக்களாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தை மணிபோற் கோத்துச் செல்கின்றன. எழுத்துக்கள் நான்கே, அமினோ அமிலங்களோ 20. நிறுத்தற்குறியான மூன்றெழுத்து வந்ததும் கோப்பது நின்று, சங்கிலி மடிந்து புரதமாகின்றது.

பயிர் மூழ்கியதும் அதில் உண்டாகும் எதிலீன் என்னும் வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகின்றது. அதுவே சப் 1ஏ பகுதிக்கு நகல் எடுக்கத் தூண்டுகின்றது. விளைந்த புரதம் உட்கருவுக்குட் சென்று வேறு பல மரபணுக்களை ஏவியும் அடக்கியும் ஆள்கின்றது. அதனால், பயிரை நீளச்செய்யும் ஜிபரெலின் என்னும் ஊக்கியின் ஆட்சி செல்லாமற் போகின்றது. பயிர் வளராது அடங்கிக் கிடந்து, மிச்சப்பட்ட உணவைக்கொண்டு நீர் வடிந்தபின் துளிர்விடுகின்றது.

பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இம்மரபணுவை இனக்கலப்பு முறையால் ஸ்வர்ணா ரகத்திற் சேர்த்தனர். ஸ்வர்ணா சப் 1 என்ற அந்த ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. காவிரிப் பாசனப் பகுதிக்குப் பழக்கமான சி.ஆர். 1009 ரகத்திற்கும் இக்குணம் பின்னர் ஊட்டப்பட்டது. வெள்ளமில்லாத வருஷத்தில் இவற்றின் விளைவு தாய் ரகத்தை ஒத்ததே. நகல் எடுக்கப்படும் தருணம் வந்தாலன்றிப் பெரிய வேறுபாடு தோன்றாது.

ஆயினும் எல்லா நிலத்திற்கும் இவை ஏற்றவையல்ல. விதை முளைக்கும் சமயத்தில் வயல் மூழ்கினால் சப் 1ஏ உதவுவதில்லை. இடுப்பளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளங்களிலும் அடங்கிக் கிடக்கும் பயிரால் பயனில்லை. ஆதலால் விதை வாங்குமுன் தம் வயலில் வெள்ளம் வழக்கமாக எத்தனை நாள் நிற்கின்றதென்று விவசாயிகள் பார்த்துக்கொள்வது நலம். நீடித்த ஆழ்நீருக்கு உரியது நீருடன் உயர்ந்து வளரும் ஆழ்நீர் நெல். அதிலும் எதிலீனே தூதன். ஆனால் அங்கே அது எழுப்பும் ஸ்நார்க்கல் என்னும் மரபணுக்களின் புரதங்கள், தண்டை நீட்டும்படியே ஏவுகின்றன.