சிற்பியின் கணக்கும் கேமராவின் வட்டமும்

மாடிக் கட்டடம் ஒன்றின் முன்னால் நின்று, உச்சியும் தெரிய வேண்டும் என்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் படமெடுத்துப் பாருங்கள். நேராக நிற்கும் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டடமே பின்பக்கம் சாய்வதுபோல் இருக்கும். இது லென்ஸின் குறை அல்ல. கேமராவைச் சாய்த்தபோது அதற்குள் இருக்கும் ஃபிலிமும் சேர்ந்து சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஃபிலிமும் சுவரும் இணையாக இருக்கும்வரை சுவரின் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில்தான் சிறுக்கும். அடியில் இருக்கும் சன்னலும் பத்தாவது மாடிச் சன்னலும் ஒரே அளவென்றால், படத்திலும் அவை ஒரே அளவாகவே விழும். இணை கெட்ட கணத்தில் இந்த ஒழுங்கும் கெடும், உச்சி சிறுத்துப்போகும். கணினியில் பிறகு நிமிர்த்தலாம். ஆனால் அது சிறுத்த உச்சியை இழுத்து அகலமாக்கும் வேலை. படத்தில் பதியாத நுணுக்கம் இழுப்பதால் வந்துவிடாது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தளம் தளமாக மேலே குறுகிக்கொண்டே போவதுதான் அதன் அழகு. ஒவ்வொரு தளமும் எவ்வளவு குறுக வேண்டும் என்பது கட்டியவர் போட்ட கணக்கு. சாய்ந்த கேமராவும் தன் பங்குக்கு அதைக் குறுக்கினால், படத்தில் தெரியும் குறுக்கத்தில் சிற்பியின் கணக்கு எது, கேமராவின் பிழை எது என்று பிரிக்கவே முடியாது. கட்டடக்கலைப் படத்தில் கோடுகள் நேராக இருக்க வேண்டும் என்று சொல்வது வெறும் ஒழுங்குப் பித்து அல்ல. கட்டியவர் சொன்னதை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்ற கடமை அது.

இதே கோயிலில் 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் ஒரு பெரிய காரியம் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பெரிய காகித நெகட்டிவ்களில் துண்டு துண்டாகப் படமெடுத்தார். அவற்றில் 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே பட்டையாக ஆக்கினார். அடுத்தடுத்த படங்களில் எழுத்தின் அளவு மாறியிருந்தால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. கேமராவைச் சுவருக்கு இணையாக நகர்த்திச் செல்லும் பொறுமை இருந்தால்தான் இது நடக்கும்.

அடித்தளம் கண் மட்டத்தில் இருக்கிறது; உச்சி அப்படி இல்லை. ஃபிலிமைச் சாய்க்காமல் உச்சியை எப்படிப் பிடிப்பது? லார்ஜ் ஃபார்மட் கேமரா பிழைத்திருப்பதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். அதன் அமைப்பு மிக எளியது: முன்னால் லென்ஸ் பொருத்திய ஒரு சட்டம், பின்னால் ஃபிலிம் வைக்கும் ஒரு சட்டம், இரண்டையும் இணைக்கும் கறுப்புத் துருத்தி. ஃபிலிம் செங்குத்தாகவே நிற்கும். லென்ஸ் சட்டத்தை மட்டும் மேலே உயர்த்தலாம். இதை ரைஸ் என்பார்கள். லென்ஸ் சில மில்லிமீட்டர் உயர்ந்தால் படத்தில் தரை குறைந்து கோபுரத்தின் உச்சி உள்ளே வரும். சுவர் நேராகவே நிற்கும்.

இது நடப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: லென்ஸ் உருவாக்கும் பிம்பம் செவ்வகம் அல்ல, வட்டம். தாம்பாளத்தில் ஒரு புத்தகத்தை வைத்து நகர்த்துவதுபோல, அந்த வட்டத்துக்குள் ஃபிலிம் நகர்கிறது. தாம்பாளம் பெரிதாக இருந்தால் புத்தகத்தை எங்கும் தள்ளலாம். சிறிதாக இருந்தால் சற்றுத் தள்ளியதுமே மூலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். படத்தில் அந்த மூலை இருண்டுவிடும். ஆகவே முதல் லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்கப் போகிறவர் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது, வட்டத்தின் விளிம்புக்கும் ஃபிலிமின் மூலைக்கும் நடுவில் மிஞ்சும் அந்த இடத்தைத்தான்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். தொடங்குபவருக்கு ஏற்றது 4×5 அங்குல ஃபிலிம். அதில் படம் விழும் பரப்பு சுமார் 96×120 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு கட்டத்தைப்போல 13 மடங்கு. இதற்குக் கட்டடம் எடுப்பவர்கள் முதலில் தேடுவது 90 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ். இந்த எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. 90 மி.மீ. லென்ஸோடு 90 மீட்டர் தள்ளி நின்றால், கட்டடத்தின் ஒவ்வொரு மீட்டரும் ஃபிலிமில் ஒரு மில்லிமீட்டராக விழும்.

பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி, அதாவது சுமார் 66 மீட்டர் என்பார்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், கலசம் லென்ஸின் மையத்திலிருந்து 64.5 மி.மீ. தள்ளி விழும். ஃபிலிமை நெடுக்காக வைத்தாலும் மையத்திலிருந்து ஒரு பக்கம் 60 மி.மீ. தான் இருக்கிறது. கலசம் வெட்டுப்படும். மேலே கொஞ்சம் வானமும் வேண்டும் என்று 12 மி.மீ. சேர்த்தால், லென்ஸை 16.5 மி.மீ. உயர்த்த வேண்டும். அப்போது ஃபிலிமின் தூர மூலை மையத்திலிருந்து 90 மி.மீ. தள்ளிப்போகிறது. எனவே 181 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும்.

பழைய சாமான் சந்தையில் ஷ்னைடர் நிறுவனத்தின் இரண்டு 90 மி.மீ. லென்ஸ்கள் கிடைக்கும். ஒன்று ஆங்குலான் எஃப் 6.8, சின்னது, லேசானது, விலை குறைவு. இன்னொன்று சூப்பர் ஆங்குலான் எஃப் 8, தடித்தது. குவியத் தூரம் ஒன்றே, இரண்டும் ஒரே காட்சியைத்தான் காட்டும். ஆனால் முதலாவதன் பிம்ப வட்டம் 154 மி.மீ., இரண்டாவதன் வட்டம் 216 மி.மீ. ஆங்குலானில் ஃபிலிமின் நான்கு மூலைகளும் வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நகர இடமே இல்லை. சூப்பர் ஆங்குலானில் நெடுக்குப் படத்துக்கு 36 மி.மீ. வரை உயர்த்தலாம். மலை, மரம், நிலக்காட்சி எடுப்பவருக்கு ஆங்குலான் நல்ல துணை. கோபுரம் எடுப்பவருக்கு அது உதவாது.

தடித்த கண்ணாடியில் அப்படி என்ன இருக்கிறது? சாய்வாக வரும் ஒளி ஃபிலிமின் ஓரத்தில் மங்கும் என்பது இயற்கை விதி. சாதாரண லென்ஸில் இந்த மங்கல், கோணத்தின் கொசைன் மதிப்பை நான்கு முறை பெருக்கிய அளவில் நடக்கும். நம் கணக்கில் தூர மூலைக்குப் போகும் ஒளியின் கோணம் 45 டிகிரி. அங்கே விழுவது நடுவில் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான். 1940-களில் சோவியத் ஒளியியலாளர் மிகயில் ருசினோவ் இதற்கு ஒரு வழி கண்டார். முன்னும் பின்னும் பெரிய வளைந்த கண்ணாடிகளை வைத்து, ஓரத்திலிருந்து பார்க்கும்போது ஒளி புகும் துளை அகன்று தெரியும்படி செய்தார். மங்கல் ஏறக்குறைய மூன்று பெருக்கலோடு நின்றது. மூலைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக ஒளி வந்தது. சூப்பர் ஆங்குலான், நிக்கார் எஸ்டபிள்யூ போன்ற அகல லென்ஸ்கள் இந்த வழியில் வந்தவை.

இதைக் கடையிலேயே கண்ணால் பார்க்கலாம். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். சாதாரண லென்ஸில் ஒளி தெரியும் வட்டம் பூனைக் கண்போல ஒடுங்கிக் கீற்றாகிவிடும். ருசினோவ் வழி வந்த லென்ஸில் நன்றாகச் சாய்த்த பிறகும் அது அகலமாகவே விழித்திருக்கும்.

அப்படியென்றால் இன்னும் அகலமான லென்ஸே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. சூப்பர் ஆங்குலான் எஃப் 5.6 வரிசையில் 75 மி.மீ. லென்ஸின் வட்டம் 198 மி.மீ.; 65 மி.மீ. லென்ஸுக்கு 170 மி.மீ. தான். நெடுக்குப் படத்தில் முதலாவதற்கு 26 மி.மீ., இரண்டாவதற்கு 10 மி.மீ. ரைஸ் மிஞ்சும். காட்சி அகலும்போது நகரும் இடம் குறைகிறது. நெருக்கமான அறைகளுக்கு 65 தேவைப்படும் நாள் வரலாம். முதல் லென்ஸாக 90-தான் தாங்கும்.

வட்டம் பெரிதாக இருந்தும் கேமரா இடம் கொடுக்காவிட்டால் பயனில்லை. 90 மி.மீ. லென்ஸ் தொலைவுக் காட்சியைக் குவிக்கும்போது ஃபிலிமுக்கு வெறும் 90 மி.மீ. தள்ளித்தான் நிற்கும். அந்த இடுக்கில் மடிப்புத் துருத்தி முழுக்க நசுங்கி விறைத்துக்கொள்ளும். லென்ஸ் சட்டத்தை உயர்த்தினால் கீழே இழுக்கும். இதற்காகவே மடிப்பில்லாத, தளர்ந்த பைத் துருத்தி இருக்கிறது. கேமரா வாங்குமுன் அதற்குப் பைத் துருத்தி கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். மரக்கேமரா அழகா, உலோகக்கேமரா உறுதியா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. மடக்கித் தோளில் போடும் ஃபீல்டு கேமராக்களில் பலவற்றுக்குத் துருத்தியை மாற்றும் வசதியே கிடையாது. ஒற்றைத் தண்டில் சட்டங்கள் நகரும் மோனோரெயில் கேமராவில் பெரும்பாலும் உண்டு. அது கனமானது, மலையேற்றத்துக்கு ஆகாது. கட்டடமோ ஓரிடத்தில் நிற்கிறது. வாசல்வரை வண்டியும் போகும். ஆகவே கட்டடம் எடுப்பவருக்கு அந்தக் கனம் பெரிய தடையல்ல.

கேமராவின் பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் கட்டடம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். பல கேமராக்களில் அந்தக் கண்ணாடியின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருக்கும். லென்ஸை உயர்த்தி, படமெடுக்கப் போகும் அளவுக்குத் துளையைச் சுருக்கிவிட்டு, வெட்டிய மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழுதாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு ஒளி தடையின்றி வருகிறது. ஒரு பக்கம் கடிபட்டதுபோல் தெரிந்தால் வட்டம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கொஞ்சம் இறக்க வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

இத்தகைய லென்ஸ்களை நிக்கான் உள்ளிட்ட நிறுவனங்கள் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. இனி வாங்குவதெல்லாம் பெரும்பாலும் பிறர் கை மாறி வருவதுதான். அதில் ஒரு நன்மையும் உண்டு: ஒரு காலத்தில் ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்த கருவிகள் இன்று தனி மனிதர் கைக்கு எட்டுகின்றன. கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். அடுத்தது, அசையாத முக்காலியும் நம்பகமான மட்டக்குழாயும். பைத் துருத்தியுள்ள பழைய மோனோரெயில் கேமராவுக்குக் கடைசியில் மிஞ்சுவதே போதும். விற்பவரிடம் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது பிம்ப வட்டத்தின் விட்டத்தை. நீங்கள் எடுக்க நினைக்கும் கட்டடத்தின் உயரத்தையும் அதற்கு முன்னால் நிற்கக் கிடைக்கும் தூரத்தையும் அறிந்திருந்தால், அந்த லென்ஸ் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பதை ஒரு துண்டுக் காகிதத்திலேயே முடிவு செய்துவிடலாம்.