பந்து யார் வசம்?

டீயை ஆற்றிக் குடியுங்கள். இதை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு ரோபோ பந்தைத் தொட்டுவிட்டது. பந்து அதன் வசம் வந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா?

அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் 2014-ஆம் ஆண்டின் ஆட்டமே இந்தக் கேள்வியின் மேல்தான் நின்றது. ஏரியல் அசிஸ்ட் என்று பெயர். சிவப்புக் கூட்டணி, நீலக் கூட்டணி. ஒவ்வொன்றிலும் மூன்று அணிகளின் மூன்று ரோபோக்கள். பந்து இரண்டடி விட்டம். மேல் கோலில் போட்டால் 10 புள்ளி, கீழே போட்டால் 1. ஆனால் கோலுக்குப் போகும் வழியில் ஒரே கூட்டணியின் இரண்டு ரோபோக்கள் மைதானத்தின் வெவ்வேறு மண்டலங்களில் பந்தைத் தம் வசப்படுத்தியிருந்தால் கூடுதலாக 10; மூன்று ரோபோக்களும் மூன்று மண்டலங்களில் செய்திருந்தால் 30. மேல் கோலைப்போல் மும்மடங்கு!

அந்த ஆட்டத்தில் எது வசம்? பந்தைத் தாங்கிக்கொண்டு நகர்ந்தால் வசம். ஏதோ ஓர் உறுப்பை இயக்கி, வேண்டிய திசைக்கு எறிந்தால் வசம். பிறருக்கு எட்டாதபடி சுவரோடோ இன்னொரு ரோபோவோடோ அணைத்து மறைத்தால் அதுவும் வசம். திரும்பத் திரும்பத் தள்ளியோ இடித்தோ கொண்டுபோனாலும் வசம்தான். போகிற வழியில் கிடந்த பந்தின் மேல் தற்செயலாக மோதுவதும், வந்த பந்து மேலே பட்டுத் தெறிப்பதும் கணக்கில் வராது.

இந்தத் தள்ளலில்தான் வாதம் வரும். தெருவில் பையன் குச்சியால் டயர் ஓட்டுகிறானே, ஒவ்வொரு தட்டிலும் டயர் அவன் நினைத்த பக்கம் போகிறது. உருண்டுவரும் டயரில் கால் இடித்துக்கொண்டவனை ஓட்டுகிறான் என்போமா? நடுவர் தேடுவது அந்த வித்தியாசத்தைத்தான்.

தொட்டாலே வசம் என்று எளிமையாக எழுதியிருந்தால் என்ன ஆகும்? மூன்று ரோபோக்களின் மேலும் பந்தை உரசவிட்டு 30 புள்ளி வாங்கிவிடலாம். கூட்டாட்டம் என்பதற்கே பொருளிருக்காது. அந்த ஆட்டத்தில் எதிரணியின் பந்தை வசப்படுத்துவது ஃபவுலாக இருந்தது. அப்படியிருக்க, தொடுவதே குற்றமென்றால் 54 அடி நீள மைதானத்தில் ஆறு ரோபோக்கள் நகரவே அஞ்சும். ஆகவே செயலைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. நடுவருக்கு அது சுமைதான், ஆனாலும் சரி.

எளிதில் கவனிக்காமல் விடக்கூடிய இடம் இது: தன் பந்துக்குப் புள்ளி தந்த அதே வரையறைதான் எதிரணிப் பந்துக்குத் தண்டனையும் தந்தது. அது டெக்னிக்கல் ஃபவுல் எனப்படும் பெரிய தவறாகக் கருதப்பட்டால் 50 புள்ளி எதிரணிக்குப் போய்விட்டது. அதிலும், எதிரணிப் பந்து தவறுதலாக ஒரு ரோபோவில் சிக்கிக்கொண்டாலும் அது வசமாகவே கருதப்பட்டது. நினைக்கவே இல்லை என்ற சமாதானம் எடுபடவில்லை. ஆகவே, பந்து வந்து உட்காரும் பள்ளங்களை வடிவமைக்கும்போதே மூடிவிட வேண்டியிருந்தது.

தன் பந்தானால் நேர்மாறு: வசமானது தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது. கைமாற்றங்களைப் பதிவு செய்தவை நடுவர்களின் கண்கள்தாம், சென்சார்கள் அல்ல. ஆகவே பந்தைத் தெளிவாகப் பிடித்து, ஒரு கணம் சுமந்து காட்டிவிட்டு, பிறகு தோழரிடம் தள்ளுவதே நல்லது.

இந்தப் போட்டியில் பொதுவாக ஒவ்வொரு ஜனவரியிலும் புது ஆட்டம், புது விதிகள். விதிப்புத்தகம் வந்ததும் பந்தைப் பற்றிய பகுதியை இருமுறை படியுங்கள்: உங்கள் பந்தை மனத்தில் வைத்து ஒருமுறை, எதிரணிப் பந்தை மனத்தில் வைத்து ஒருமுறை. ரோபோவை வரைவது அதற்குப் பிறகு.