சாயம் உரிவதற்கும் காரணம் உண்டு

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளை நாள்தோறும் காணலாம். முட்டைக்கோசுக் கூடைகளையும் உர மூட்டைகளையும் சுமந்துகொண்டு, செங்குத்தான மண்பாதைகளில் அவை ஏறி இறங்குகின்றன. அவற்றுள் பல, ஓட்டுநரைவிட வயதில் மூத்தவை. அவற்றின் மீது பூசப்பட்ட சாயம் ஆங்காங்கே உரிந்திருக்கும். வழிப்போக்கர்கள் அதைப் பழமையின் அடையாளம் என்று எண்ணிக் கடந்து செல்வர். சிற்றளவு மாதிரி விமானம் செய்வோருக்கு அந்த வண்டிகள் சிறந்த பாடமாக அமைகின்றன.

மாதிரி விமானம் என்பது உண்மையான விமானத்தைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும் உருவம் ஆகும். 1/72, 1/48 ஆகிய விகிதங்கள் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. 1/72 என்றால், உண்மையான விமானத்தின் 72 சென்டிமீட்டர் நீளம் மாதிரியில் 1 சென்டிமீட்டராகச் சுருங்கும். பெட்டியில் வரும் நெகிழிப் பாகங்களை ஒட்டிச் சாயம் பூசினால் விமானத்தின் வடிவம் கிடைத்துவிடும். ஆனால், அது கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளைப் போலவே தோன்றும். வெயிலிலும் மழையிலும் பறந்து, பலருடைய கைகளும் கால்களும் பட்டுத் தேய்ந்த விமானமாக அதைக் காட்ட வேண்டுமானால், சாயம் உரிந்த தோற்றத்தை உருவாக்க வேண்டும். இது நுட்பமான வேலை. கண்ட இடமெல்லாம் வெள்ளிப் புள்ளிகளை வைத்தால் விமானம் பழையதாகத் தெரியாது, அழுக்கானதாகவே தெரியும். எனவே, தூரிகையை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சாயத்தின் அடியில் இருப்பது என்ன? அது ஏன் அந்த இடத்தில் உரிந்தது? உரிவு எவ்வளவு பெரியது?

முதல் கேள்விக்கான விடையை லேண்ட் ரோவர் வண்டியே தருகிறது. அதன் கதவு, பக்கப் பலகை போன்ற இடங்களில் சாயம் உரிந்தால் சாம்பல் கலந்த வெள்ளி நிறம் தெரியும். அங்குத் துரு இருக்காது. வண்டியின் அடிச்சட்டத்தில் சாயம் உரிந்தாலோ செம்பழுப்புத் துரு படர்ந்திருக்கும். ஒரே வண்டி, ஒரே மழை. நிறம் மட்டும் ஏன் வேறுபடுகிறது? கதவும் பக்கப் பலகைகளும் அலுமினியக் கலவையால் ஆனவை. அடிச்சட்டம் எஃகால் ஆனது. எஃகில் உள்ள இரும்பு, நீருடனும் உயிர்வளியுடனும் சேர்ந்து துருப்பிடிக்கிறது. அத்துரு பொருக்காக உதிர்வதால் உள்ளே இருக்கும் இரும்பும் தொடர்ந்து அரிக்கப்படுகிறது. அலுமினியமும் உயிர்வளியுடன் சேரும். ஆனால், அதனால் உண்டாகும் ஆக்சைடு மிக மெல்லிய படலமாக உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதைக் காக்கிறது. அதனால்தான், உரிந்த அலுமினியம் முதலில் பளபளத்துப் பின்னர் மங்கிய சாம்பல் நிறத்தை அடைகிறது.

மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு விமானத்தின் உலோகம் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. போர்க்காலத்தில் விமானம் கட்டுவதற்குப் பெருமளவில் பயன்பட்ட அலுமினியமோ எளிதாகக் கிடைத்தது. எனவே, 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் உடற்பகுதி அலுமினியக் கலவைத் தகட்டால் அமைக்கப்பட்டது. தொடக்கக்கால வண்டிகளின் பச்சை நிறமும் போரில் மிஞ்சிய விமானச் சாயத்திலிருந்து வந்தது என்பர். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை ஏறத்தாழ 2.7 கிராம், இரும்பின் எடையோ 7.9 கிராம். விமானம் கட்டியவர்கள் அலுமினியத்தை நாடியதற்கு இந்த எடை வேறுபாடே முதன்மைக் காரணம்.

ஆகவே, இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானங்களில் பெரும்பாலானவற்றின் உடலில் சாயம் உரிந்தால் வெள்ளி நிறமே தெரிய வேண்டும். இறக்கை முழுவதும் துரு நிறத்தைத் தீட்டுவது பொருந்தாது. அதே வேளையில், எல்லாப் பாகங்களும் அலுமினியம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. அக்கால விமானங்கள் பலவற்றில் திசைதிருப்பும் வால்பலகை போன்ற அசையும் பாகங்கள் துணியால் போர்த்தப்பட்டிருந்தன. துணியின் மேல் வெள்ளி உரிவு தோன்றாது. மொஸ்கீட்டோ என்னும் பிரிட்டிஷ் விமானம் பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் நிலவியபோது காடுகளை வானிலிருந்து படமெடுத்த அவ்வகை விமானம், 1955 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானப்படையில் தனது இறுதிப் பணிப் பறப்பை இங்குதான் மேற்கொண்டது. அதன் மாதிரியைச் செய்பவர் இறக்கையில் வெள்ளிக் கீறல்களைத் தீட்டினால், மரத்தை உலோகமாக்கிய பிழை நேரும்.

சாயத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அடிப்பூச்சு உண்டா என்பதையும் அறிய வேண்டும். இதற்கு மலாயாவின் வானில் பறந்த ஒரு விமானம் தக்க சான்றாகும். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அதைத் தொடர்ந்து நடந்த மலாயாப் போரில் ஜப்பானிய இராணுவத்தின் நக்கஜிமா கி-43 விமானங்கள் பங்கெடுத்தன. அவ்விமானத்துக்கு வல்லூறு எனப் பொருள்படும் ‘ஹயாபுசா’ என்ற பெயரும் உண்டு. ஹயாபுசா விமானங்கள் பல தொழிற்சாலையிலிருந்து சாயமின்றி வெள்ளி நிறத்திலேயே வெளிவந்தன. பிறகு, அடிப்பூச்சு இல்லாமலேயே அவற்றின் மீது பச்சைச் சாயம் பூசப்பட்டது. வழவழப்பான உலோகத்தில் அச்சாயம் உறுதியாகப் பற்றவில்லை. வெப்பமண்டல வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நின்றபோது அது செதில் செதிலாகப் பெயர்ந்தது. அடிப்பூச்சு பூசப்பட்ட விமானங்களிலோ சாயம் அவ்வளவு எளிதில் பெயர்வதில்லை; பெயர்ந்தாலும் முதலில் அடிப்பூச்சின் நிறமே தெரியும். எனவே, ஒரே போரில் பறந்த இரு விமானங்களுக்கும் ஒரே மாதிரியான உரிவு பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது கேள்வி, சாயம் ஏன் அந்த இடத்தில் உரிந்தது என்பது. மீண்டும் லேண்ட் ரோவரைக் கவனியுங்கள். கூடைகளை இழுத்து ஏற்றும் பின்பலகையின் விளிம்பில் உரிவு மிகுதியாக இருக்கும். கைப்பிடியைச் சுற்றியும், கால் வைத்து ஏறும் இடத்திலும் சாயம் தேய்ந்திருக்கும். யாரும் தொடாத கூரையின் நடுவில் சாயம் வெளுத்திருக்குமே தவிர, அதிகமாக உரிந்திராது. எங்கே மனிதன் உழைக்கிறானோ அங்கே சாயம் தேய்கிறது.

விமானத்துக்கும் இது பொருந்தும். விமானி ஏறும்போது மிதிக்கின்ற இறக்கையின் அடிப்பகுதி, அவர் கையூன்றுகின்ற இருக்கை அறையின் விளிம்பு, பழுதுபார்ப்போர் அடிக்கடி கழற்றி மாட்டுகின்ற இயந்திர மூடிகள், எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றில் சாயம் விரைவில் தேயும். இறக்கையின் முன்விளிம்பிலும் சுழல்விசிறியிலும் மணலும் சிறு கற்களும் மோதுவதால் அங்கும் உரிவு ஏற்படும். கால் படாத இறக்கை முனையில் சாயம் பெரும்பாலும் முழுமையாகவே இருக்கும். இயன்றால் அவ்விமானத்தின் பழைய நிழற்படங்களைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது கேள்விக்குக் கணிதம் துணைபுரியும். 1/72 விகித மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள உரிவை இட்டால், உண்மையான விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர் அகலமாகும். 1/48 விகிதத்தில் அது 4.8 சென்டிமீட்டராகும். உண்மையான விமானத்தில் 1 சென்டிமீட்டர் அகலமுள்ள உரிவை 1/72 விகிதத்தில் காட்ட வேண்டுமானால், அதன் அகலம் 0.14 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். இது தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். ஆகவே, நம் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றும் புள்ளிகூட மாதிரியில் பெரிய ஓட்டையைப் போலத் தெரியக்கூடும்.

இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகு செய்முறைக்கு வரலாம். எளிமையானது பஞ்சு முறை. பாத்திரம் கழுவும் பஞ்சிலிருந்து சிறு துண்டைப் பிய்த்தெடுக்க வேண்டும். கத்தரித்தால் விளிம்பு நேராகிவிடும். பிய்த்தால்தான் ஒழுங்கற்ற விளிம்பு கிடைக்கும். அதை வெள்ளிச் சாயத்தில் இலேசாகத் தொட்டு, தாளில் பலமுறை ஒற்றி, பெரும்பகுதிச் சாயத்தை நீக்கிவிட வேண்டும். பிறகு, மாதிரியின் மீது மெல்ல ஒற்றினால் நுண்ணிய புள்ளிகள் சிதறிப் பதியும். இயந்திர மூடிகளின் விளிம்புக்கு இம்முறை ஏற்றது. நுண்கீறல்களைக் கூர்மையாகச் சீவிய வெள்ளி நிறப் பென்சிலால் வரையலாம்.

ஹயாபுசாவைப் போலச் சாயம் செதிலாகப் பெயர்ந்த தோற்றத்துக்கு ஹேர் ஸ்பிரே முறை பொருத்தமானது. முதலில் மாதிரி முழுவதும் வெள்ளிச் சாயம் பூசி, ஒரு நாள் நன்கு உலர விட வேண்டும். அதன் மீது நிறமற்ற வார்னிஷ் பூசி அதையும் உலர்த்த வேண்டும். பின்னர், தலைமுடிக்குப் பயன்படுத்தும் ஹேர் ஸ்பிரேயை மெல்லிய படலமாக இருமுறை தெளிக்க வேண்டும். அது காய்ந்ததும், பச்சை நிற அக்ரிலிக் சாயத்தை மெலிதாகத் தெளிக்க வேண்டும். பச்சைச் சாயம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தவுடன், நீரில் நனைத்த தூரிகையால் வேண்டிய இடத்தை மட்டும் ஈரப்படுத்திச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். நீர் மேற்பூச்சின் வழியே இறங்கி, அடியில் உள்ள ஹேர் ஸ்பிரே படலத்தை இளக்கிவிடும். பற்றுதலை இழந்த பச்சைச் சாயத்தைக் குட்டையான தூரிகையாலோ பல்குத்தும் குச்சியாலோ தேய்த்தால், அது செதிலாகப் பெயர்ந்து வெள்ளி நிறம் வெளிப்படும். வார்னிஷ் பூச்சு வெள்ளிச் சாயத்தைக் காக்கும். எண்ணெய்த் தன்மையுள்ள எனாமல் சாயத்தை மேற்பூச்சாகப் பயன்படுத்தினால் நீர் உள்ளே இறங்காது. எனவே, அக்ரிலிக் சாயமே இதற்கு ஏற்றது.

உண்மையான விமானத்திலும் சாயம் நன்றாகப் பற்றாததால்தான் உரிந்தது. இம்முறையிலும் அதுவே நிகழ்கிறது. பஞ்சு முறையில் உரிவைச் சாயத்தின் மேல் தீட்டுகிறோம். இங்கோ சாயத்தை உண்மையாகவே உரிக்கிறோம். ஆகையால்தான் அதன் விளிம்புகள் இயல்பாக அமைகின்றன.

வேலையின்போது பாதுகாப்பும் இன்றியமையாதது. ஹேர் ஸ்பிரே எளிதில் தீப்பற்றும். ஆதலால், நெருப்பு இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில், முகக்கவசம் அணிந்து, பெரியவர்களின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இறுதியாக, பளபளப்பற்ற வார்னிஷைப் பூசினால் உரிந்த உலோகமும் மங்கி, பழைய அலுமினியத்தைப் போலத் தோன்றும். எப்போது நிறுத்துவது என்பதை அறிவதும் இக்கலையின் ஒரு பகுதியே. விட்ட உரிவைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மிகுதியாக உரித்ததை எளிதில் சரிசெய்ய முடியாது.

ஹயாபுசா போன்ற போர் விமானத்தின் மாதிரியைச் செய்வது போரைப் போற்றுவதாகாது. அவ்விமானங்கள் துணைநின்ற படையெடுப்பைத் தொடர்ந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை கட்டுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வரவில்லை. அந்த வரலாற்றை அறிந்தவர் அவ்விமானத்தைப் புத்தம்புதிய விளையாட்டுப் பொருளாகச் செய்ய மனம் ஒப்பமாட்டார். அது பறந்த காலத்தையும் அது பட்ட தேய்வையும் உள்ளபடியே காட்ட முயல்வார்.

ஆகவே, இக்கலைக்குக் கைத்திறன் மட்டும் போதாது. உற்றுநோக்கும் பழக்கமும் வேண்டும். அதற்கு அருங்காட்சியகம் அருகில் இருக்க வேண்டிய தேவையில்லை. தோட்டத்து வண்டி, பள்ளியின் இரும்புக் கதவு, வீட்டுப் பின்புறத்துத் தண்ணீர்க் குழாய் ஆகிய ஒவ்வொன்றிலும் சாயம் உரிந்துகொண்டுதான் இருக்கிறது. அடியில் தெரிவது துருவா, வெள்ளியா, மரமா? அந்த இடத்தில் பட்டது கையா, காலா, மழையா? இக்கேள்விகளை எழுப்பப் பழகியவரின் கையில் தூரிகை தேவையற்ற ஒரு புள்ளியையும் இடாது.